வெளிச்சம் வந்த பிறகு

(வல்வெட்டித்துறையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. 1990இல் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் தடை வந்தது. அரிக்கன் லாம்பு குடிக்கிற எண்ணெய்க்கு வழியில்லாமல், ஒரு போத்தலின் அடியில் சிறிதளவு எண்ணெயை விட்டு, பஞ்சுத் திரியைக் கொளுத்தி, அந்தச் சின்னச் சுடரில் ஒரு தலைமுறையே பாடம் படித்தது.

அந்த வெளிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு மெழுகுதிரி ஒரு மீற்றர் தூரத்தில் தருவது ஏறத்தாழ 1 லக்ஸ். அதையே கொப்பிக்கு ஓர் அடி தூரத்தில் வைத்தால் 10 லக்ஸ் வரும். ஜாம் போத்தல் சுடர் அதைவிடக் குறைவு. முழுநிலவு 1 லக்ஸில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆனால் வெயில் நாளில் மத்தியானம் நம் கடற்கரையில் நின்றால் 1,00,000 லக்ஸ். மழைக்கால மப்பு வானத்தின் கீழும் பல ஆயிரம் லக்ஸ் உண்டு.

அந்த ஆண்டுகளில் நம் உடம்புக்குப் பகலில் ஆயிரக்கணக்கிலும் லட்சத்திலும் வெளிச்சம் கிடைத்தது. சைக்கிளில் போனோம், நடந்தோம், கிணற்றடியில் நின்றோம், வரிசையில் நின்றோம். இரவில் கிடைத்ததோ பத்து லக்ஸுக்கும் குறைவு. இன்று பகலில் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் நூறு, இருநூறு லக்ஸில் இருக்கிறோம். இரவு பதினொரு மணிக்கும் அதே நூறு, இருநூறு. பகலுக்கும் இரவுக்கும் இடையில் பத்தாயிரம் மடங்காக இருந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

நான் அந்த இருட்டைப் புகழ வரவில்லை. ஷெல்லுக்கும் குண்டுவீச்சுக்கும் நடுவில் எவரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. ரோர்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்ததை, பாம்பு கடித்தவரை இருட்டில் கொண்டு அலைந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதனால்தான் நம் ஆட்களுக்கு விளக்கை அணைக்க மனம் வருவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இருட்டு என்றாலே ஆபத்து என்று உடம்பில் பதிந்துவிட்டது. 2013இல் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு வந்த மின்பாதை வழியாக நாம் மீண்டும் நாட்டின் மின்வலையமைப்போடு இணைந்தபோது, வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் பல்ப் போட்டோம். அந்த மகிழ்ச்சியில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் வெளிச்சம் கண்ணுக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. உடம்புக்குள் நேரம் பார்க்கும் இடத்துக்கும் அது போகிறது. அதைப் பற்றித்தான் இன்று கதைக்க வந்தேன்.

மூளையின் அடியில், இரு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக்கலங்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. எப்போது நித்திரை வர வேண்டும், எப்போது உடல் வெப்பம் இறங்க வேண்டும், விடிவதற்கு முன் எந்தச் சுரப்பு ஏற வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் ஒழுங்குபடுத்துகிறது. கலங்களுக்குள் சில மரபணுக்கள் புரதங்களை ஆக்க, அந்தப் புரதங்கள் சேர்ந்து வந்து அதே மரபணுக்களை அடக்க, பிறகு அவை சிதைய, மீண்டும் முதலிலிருந்து தொடங்க, ஒரு சுற்று முடிய ஒரு நாள் ஆகிறது. பழ ஈயில் இந்தப் பொறிமுறையைக் கண்டறிந்த ஹோல், ரொஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நொபெல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தத் துறையில் தமிழ் மண்ணுக்கு ஒரு பெரிய இடம் உண்டு. அது நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற உயிரியலாளர் இருந்தார். ஜெர்மனியின் ரியூபிங்கனில் எர்வின் பியூனிங்கிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். மதுரைப் பக்கத்துக் குகைகளில் வாழும் வௌவால்களை எடுத்துக்கொண்டு அவரும் அவருடைய மாணவர்களும் ஆண்டுக்கணக்காக வேலை செய்தார்கள். குகையின் ஆழத்தில் பகலும் இருட்டு, இரவும் இருட்டு. பொழுது பட்டதை வௌவால் எப்படி அறிகிறது? சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து, வெளியே பறந்துபோய் வரும் கூட்டத்தின் நடுவே அதே குகைக்குள் வைத்தார்கள். கூண்டுக்குள் இருந்தவை வானத்தையே காணவில்லை. ஆனாலும் கூட்டம் கிளம்பும் நேரத்தோடு ஒத்து அவையும் விழித்துப் பறக்கத் துடித்தன. கூட்டம் இல்லாத இடத்தில் தனியே வைத்தபோது, அவற்றின் சுற்று நாளுக்கு நாள் வெளி உலகின் நேரத்திலிருந்து விலகிப் போனது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981இல் இதை வெளியிட்டார்கள். உறவினரின் நடமாட்டம்கூட உடலின் நேரத்தைச் சரிசெய்யும் என்று மதுரைக் குகை ஒன்று உலகத்துக்குச் சொன்னது.

பிறகு அவர்கள் மனிதருக்கே ஒரு தனிமை அறை கட்டினார்கள். வெளிச்சமோ சத்தமோ புகாது, மணிக்கூடு கிடையாது, பத்திரிகை கிடையாது. உள்ளே போனவர் தன் உடம்பு கேட்கும்போது படுத்து, கேட்கும்போது எழும்புவார். ஒரு பெண் அப்படி நீண்ட நாட்கள் இருந்தார். அவருடைய தூக்க விழிப்புச் சுற்று நீண்டு, வெளியுலக நாளிலிருந்து பிரிந்து போனது. ஆனால் மாதவிலக்குச் சுற்று அதைப் பின்பற்றி நீளவில்லை. உடம்புக்குள் ஒரு மணிக்கூடு மட்டும் இல்லை, ஒன்றையொன்று பின்பற்றாத பல கணக்குகள் இருக்கின்றன என்பதற்கு அது ஒரு சான்று. பிரான்சைச் சேர்ந்த மிஷெல் சீஃபர் 1962இல் இரண்டு மாதம் நிலத்தடிக் குகையில் தனியே இருந்துவிட்டு, செப்ரெம்பர் 14இல் வெளியே அழைத்தபோது, அன்றைய தேதி ஓகஸ்ட் 20 என்று நம்பியிருந்தார்.

நம் உடலின் நாள் சரியாக 24 மணித்தியாலம் அல்ல. 1999இல் ஹார்வார்டில் சார்ள்ஸ் சீஸ்லர் குழுவினர் கவனமாக அளந்தபோது சராசரியாக 24 மணியும் ஏறத்தாழ 11 நிமிடமும் வந்தது. நம்மூர்க் கப்பல் தண்டையல்மாருக்கு இது புதிதாக இருக்காது. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த நம் அன்னபூரணி போன்ற கப்பல்களில் நாளுக்குச் சற்றுப் பிசகுகிற மணிக்கூட்டை நம்பி நெடுங்கடலில் போகவேண்டுமானால், சூரியனைப் பார்த்து ஓயாமல் திருத்த வேண்டும். உடம்பும் அப்படித்தான். அந்த 11 நிமிடத்தைத் தினமும் திருத்துவது காலை வெளிச்சம். காலையில் கண்ணில் படும் வெளிச்சம் உடலின் நேரத்தை முன்னுக்கு இழுக்கிறது. இரவில் படும் வெளிச்சம் பின்னுக்குத் தள்ளுகிறது. பகலெல்லாம் அறைக்குள் இருந்து, இரவில் வெளிச்சத்தில் குளிப்பவருக்கு இழுப்பு இல்லை, தள்ளுதல் மட்டும்தான்.

வெளிச்சம் எந்த வழியாக அங்கே போகிறது? விழித்திரையில் பார்வைக்கென்று இரண்டு வகைக் கலங்கள் இருப்பதைப் பாடசாலையில் படித்தோம். மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது என்பது அண்மையில்தான் உறுதியானது. 1998இல் இக்னாசியோ புரொவென்சியோ தவளையின் தோலில் ஒளியை உணரும் மெலனொப்சின் என்ற புரதத்தைக் கண்டார். 2002இல் டேவிட் பெர்சன் குழுவினர் அந்தப் புரதத்தைக் கொண்ட விழித்திரை நரம்புக்கலங்கள் தாமாகவே ஒளியை உணர்வதைக் காட்டினார்கள். அவை உருவங்களைப் பார்ப்பதற்கானவை அல்ல. வெளியே பகலா இரவா என்ற செய்தியை மூளைக்கு அனுப்புபவை. பார்வை முழுவதும் இழந்த சிலருக்குக்கூட இந்த வழி வேலை செய்கிறது. இந்தக் கலங்கள் மிகக் கூர்மையாக உணர்வது 480 நனோமீற்றர் அளவிலான நீல ஒளியை. தெளிந்த பகல் வானத்தின் நிறம் அது.

இருள் வந்ததும் மூளையின் பீனியல் சுரப்பி மெலற்றோனினைச் சுரக்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடம்பு முழுவதற்கும் அறிவிக்கும் சுரப்பு அது. மனிதரில் வெளிச்சம் இதை அடக்கும் என்பதை அல்பிரட் லூவி 1980இல் 2,500 லக்ஸ் வெளிச்சம் கொண்டு காட்டினார். அவ்வளவு பெரிய வெளிச்சம் வீட்டில் இல்லையே என்று பலரும் ஆறுதல் அடைந்தார்கள். ஆறுதல் நிலைக்கவில்லை. 2019இல் வந்த ஓர் ஆய்வில் சராசரியாக 25 லக்ஸ் அளவிலேயே மெலற்றோனின் பாதியாகக் குறைந்தது. மிகக் கூருணர்வுள்ளவருக்கும் மிகக் குறைந்தவருக்கும் இடையில் ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது. ஆகவே “நான் லைற்றைப் போட்டுவிட்டே நல்லாய் நித்திரை கொள்வேன்” என்று ஒருவர் சொன்னால், அவரை வைத்துப் பக்கத்தில் படுப்பவரை அளக்க முடியாது.

இங்கேதான் நம் பல்ப்புகளின் கதை வருகிறது. பழைய குண்டு பல்ப்பும் லாம்புச் சுடரும் சிவப்பும் மஞ்சளும் நிறைந்த வெளிச்சம். அவற்றில் நீலம் மிகக் குறைவு. இப்போதுள்ள வெள்ளை எல்ஈடி பல்ப்பின் உள்ளே இருப்பது நீல ஒளியைத் தரும் ஒரு சில்லு. அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் தூளைப் பூசி, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியச் செய்கிறார்கள். அந்த நீல எல்ஈடிக்குத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் நொபெல் பரிசு பெற்றார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடித்த பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் நம் கடைகளில் அதிகம் விற்பது நீலம் கூடிய வெள்ளை. நம் ஆட்களுக்கு அதுதான் “நல்ல வெளிச்சம்”.

இனி நம் நாட்டிலேயே நடந்த ஒரு பெரிய நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் வற்றின. மாலை மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மே மாதத்தில் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிகுதி அரை மணித்தியாலம் 2006 சித்திரை வரை நீடித்தது. அரசாங்கக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு முகமாலைச் சாவடியைக் கடந்தவர்கள் மணிக்கூட்டையும் அரை மணித்தியாலம் திருப்பினார்கள். “புது நேரமா, பழைய நேரமா?” என்று கலியாண முகூர்த்தத்துக்குக் கேட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

அந்தப் பத்து ஆண்டுகளில் சூரியன் தன் நேரத்தில்தான் உதித்தது. நம் குடாநாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலமும் சொச்சமும்தான் வித்தியாசம். தை மாதத்தில் ஆறரை மணிக்கு உதிக்கும் சூரியன் புது நேரப்படி ஏழு மணிக்கு உதித்தது. பிள்ளைகளோ பாடசாலைக்கு இருட்டோடு எழும்ப வேண்டியிருந்தது. உத்தரவு போட்டுச் சுவர் மணிக்கூட்டை மாற்றலாம். உடம்பு சூரியனிடம்தான் நேரம் கேட்கும். விடிய முன் எழுப்பப்பட்ட பிள்ளை அந்த நேரத்தில், உடம்பின் கணக்குப்படி, இன்னும் நடு நித்திரையில் இருந்தது.

வெளிநாடு போன நம் சொந்தங்களிடம் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் இளைஞர்கள் பலர் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போனார்கள். நம் ஊரின் அதிகம் மாறாத பன்னிரண்டு மணி நேரப் பகலில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே கோடையில் இரண்டு மாதத்துக்கு மேல் சூரியன் மறையாது, மாரியில் ஏறத்தாழ இரண்டு மாதம் உதிக்காது. நள்ளிரவில் வெயில் அடிக்கும் அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி நித்திரை கொள்ளவும், இருண்ட மார்கழியில் பகலிலும் விளக்குப் போட்டு வாழவும் பழகினார்கள். வெளிச்சமும் இருட்டும் உடம்புக்கு என்ன செய்கின்றன என்று கேட்டால் அவர்கள் நூலைப் பார்க்காமலே சொல்வார்கள்.

இங்கே இருக்கும் தாய்மாருக்கு இரவு வெளிச்சம் போன் வழியாக வருகிறது. லண்டனில் பிள்ளை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஏழு மணிக்கு வட்ஸ்அப்பில் எடுத்தால் நமக்கு இரவு பதினொன்றரை. மாரியில் பன்னிரண்டரை. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிக்கிறோம். கதைத்து முடித்த பிறகும் அந்த மகிழ்ச்சியில் இன்னும் கொஞ்ச நேரம் போனைத் தட்டிக்கொண்டு கிடக்கிறோம். இந்த அழைப்பை விடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். கடல் கடந்த பிள்ளைகளோடு நம்மைக் கட்டிவைத்திருக்கும் கயிறு அது. ஆனால் நேரத்தை மாற்றிக் கேட்கலாம். ரொறன்ரோவில் கோடையில் இரவு எட்டு மணி நமக்குக் காலை ஐந்தரை. லண்டன் பிள்ளைகள் தங்கள் மத்தியான இடைவேளையில் எடுத்தால் நமக்கு மாலை ஐந்தரை, ஆறரை. அந்த நேரத்தில் முற்றத்தில் இருந்து கதைக்கலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இரவு வெளிச்சத்தைக் குறைப்பது இன்னும் முக்கியம். இரவில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைவு. 2022இல் அமெரிக்காவில் 20 இளைஞர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், 100 லக்ஸ் வெளிச்சத்தில் ஓர் இரவு தூங்கியவர்களுக்கு இதயத் துடிப்புக் கூடியிருந்தது, காலையில் இன்சுலினுக்கு உடம்பு கீழ்ப்படிவதும் குறைந்திருந்தது. கண்ணை மூடித் தூங்கும்போதே இது நடந்தது. சிறிய ஆய்வுதான், ஓர் இரவுதான். என்றாலும் மருந்தையும் சோற்றின் அளவையும் இவ்வளவு கவனமாகப் பார்க்கும் நாம், படுக்கை அறையின் ரியூப் லைற்றைக் கணக்கில் எடுக்காமல் விடுவது சரியல்ல.

இப்போது பிள்ளைகளோடு கதைக்கிறேன். பதின்ம வயதில் உடல் மணிக்கூடு இயல்பாகவே பிந்துகிறது. பத்து மணிக்கு நித்திரை வரவில்லை என்று நீங்கள் சொன்னால் அது பிடிவாதம் அல்ல. ஆனால் அதன் மேல் வெள்ளை வெளிச்சமும் போன் திரையும் சேரும்போது பிந்தல் இன்னும் கூடுகிறது. 2015இல் வந்த ஓர் ஆய்வில் 12 பேர் ஐந்து இரவு படுக்கைக்கு முன் நான்கு மணித்தியாலம் ஒளிரும் திரையில் வாசித்தார்கள். இன்னொரு ஐந்து இரவு அச்சுப் புத்தகத்தை வாசித்தார்கள். திரையில் வாசித்தபோது மெலற்றோனின் ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது, அடுத்த நாள் காலை சோர்வும் அதிகம். பன்னிரண்டு மணிக்குப் படுத்து, விடியற்காலை ரியூசனுக்கு ஐந்து மணிக்கு எழும்பும் பிள்ளை இழப்பது நித்திரையின் கடைசிப் பகுதியை. கனவு நித்திரை செறிந்திருப்பது அந்தப் பகுதியில்தான். படித்தது மனதில் நிலைபெறுவதற்கு நித்திரை வேண்டும் என்பதில் இன்று ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. ரியூசன் நடத்தும் ஆசிரியர்களை நான் கையெடுத்துக் கேட்கிறேன்: விடிய முன் வகுப்பு வைக்காதீர்கள்.

இரவில் கடலுக்குப் போகும் நம் தொழிலாளர்களுக்கு இந்த அறிவுரை எதுவும் பொருந்தாது. வலையை மாலையில் கொண்டுபோய் விடியலில் திரும்புவது அவர்கள் வாழ்க்கை. இரவு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007இல் சேர்த்தது, 2019இல் மீண்டும் ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது. பெரும்பாலும் தாதியர், தொழிற்சாலை ஊழியர் போன்றவர்களை வைத்து வந்த முடிவு அது. நம் கடற்றொழிலாளி இருண்ட கடலில் இருப்பதால் அவர்களைவிட ஒரு வகையில் நல்ல நிலையில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். அவருக்குப் பெரிய இடைஞ்சல் கரைக்கு வரும்போது முகத்தில் அடிக்கும் காலை வெயில். தொப்பியை முன்னுக்கு இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டுக்கு வரலாம். படுக்கும் அறையின் ஜன்னலைத் தடித்த துணியால் மூட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் சத்தம் போடாமல் இருப்பது நம் பொறுப்பு.

ஒளி பாய்ச்சி மீன் பிடிப்பதை வடமராட்சிக் கடற்றொழிலாளர் எதிர்த்துக் குரல் கொடுத்து வருகிறார்கள். சிறு மீன்கள் வெளிச்சத்துக்குக் கூடும் இயல்பைப் பயன்படுத்தி, குஞ்சும் குருமனும் சேர்த்து அள்ளுகிற முறை அது. அந்தப் போராட்டத்தில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. கடலின் உயிர்கள் நிலவையும் இருளையும் வைத்துத்தான் மேலெழுவதும் ஆழத்துக்கு இறங்குவதும். நிலவு காலத்தில் பாடு குறையும் என்பதை அறிந்த மக்களுக்கு, கடலில் இரவே இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தரத் தேவையில்லை.

பகலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013இல் கென்னத் றைற் என்பவர் எட்டுப் பேரை ஒரு வாரம் கொலராடோ மலையில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். மின்விளக்குக் கிடையாது. வெயிலும் தீயும் மட்டும்தான். அந்த ஒரு வாரத்தில் அவர்களின் உடல் மணிக்கூடு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் முன்னுக்கு வந்தது. இரவு விளக்கு இல்லாதது மட்டும் அதற்குக் காரணம் அல்ல. பகலில் அவர்களுக்குக் கிடைத்த வெளிச்சம் பல மடங்கு. நம் பழைய நாற்சார் வீட்டின் நடு முற்றத்தில் வானம் இருந்தது. அரிசி புடைத்தாலும் பிள்ளையைக் குளிப்பாட்டினாலும் அந்த வெளிச்சத்தில்தான். இப்போது கட்டும் வீடுகளில் கறுப்புக் கண்ணாடி ஜன்னலும் திரைச்சீலையும் போட்டு, பத்து மணிக்கே லைற் போடுகிறோம். முதியவர்களின் கண்வில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுப்பதால் அவர்களுக்குப் பகல் வெளிச்சம் இன்னும் அதிகம் வேண்டும். காலை எட்டு மணிக்குள் அவர்களை விறாந்தையில் அரை மணித்தியாலமாவது இருத்துங்கள்.

மாலை ஆறு மணிக்கே படுக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. மின்சாரமே இல்லாமல் வாழும் தன்சானியாவின் ஹட்சா மக்களையும் இன்னும் இரு சமூகங்களையும் 2015இல் ஆராய்ந்தபோது, அவர்கள் பொழுது பட்டுச் சராசரியாக மூன்று மணித்தியாலம் கழித்தே தூங்கினார்கள். தீயைச் சுற்றி இருந்து கதைப்பது மனிதரின் பழைய வழக்கம். சித்திரா பௌர்ணமி இந்திரவிழா இரவில் ஊரே விழித்திருப்பதாலும் எவருடைய உடம்பும் கெடாது. கெடுப்பது முந்நூற்றறுபத்தைந்து நாளும் தொடரும் பழக்கம்.

செய்யக்கூடியது எளிது. பல்ப் வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கெல்வின் என்ற அலகில் ஓர் எண் இருக்கும். 6500 என்றால் நீலம் கூடிய வெள்ளை, குசினிக்கும் கடைக்கும் ஆகும். 2700 என்றால் மஞ்சள், படுக்கை அறைக்கும் இரவு இருக்கும் அறைக்கும் அது போதும். விலை வித்தியாசம் பெரிதல்ல. மலசலகூடத்துக்குப் போகும் வழியில் முதியவர் விழாமல் இருக்கத் தரைக்குக் கிட்ட ஒரு சிறிய மஞ்சள் விளக்கு வேண்டும், அதை அணைக்காதீர்கள்.

வீதி விளக்குகளைப் பற்றி நகரசபையிடம் ஒரு வேண்டுகோள். பெண்கள் இரவில் நடமாட வெளிச்சம் வேண்டும். அதைக் குறைக்கச் சொல்லவில்லை. இனி மாற்றும் விளக்குகள் 3000 கெல்வினுக்கு மேல் போகாமல் பார்க்க வேண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இல் தன் நாட்டு ஊர்களுக்குக் கேட்டுக்கொண்டதும் அந்த அளவைத்தான். இரண்டாவது, விளக்குக்கு மேல் மூடி வைத்து வெளிச்சம் வீதியில் விழும்படி திருப்ப வேண்டும். இப்போது பல இடங்களில் அது வீட்டு ஜன்னலுக்குள்ளும் கடலுக்குள்ளும் விழுகிறது. சபை உறுப்பினர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். எந்தக் கம்பத்து வெளிச்சம் எந்த வீட்டுக் கட்டிலில் விழுகிறது என்று ஓர் இரவு ஊரைச் சுற்றிக் குறித்துக்கொள்ள நான் உங்களோடு வரத் தயார். கேள்விகள் இருந்தால் இனிக் கேளுங்கள்.